ரத்னமாலா அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள்

செத்துப்போன ஒருத்தியை "அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள்" என்று சொன்னால் அது பொய்யில் சேருமா, சேராதா?

ஏழு வருஷமாக இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு முழிக்கிறேன். குழம்பு கொதிக்கும்போது "சேரும்" என்று தோன்றுகிறது. இறக்கி வைக்கும்போது "சேராது" என்று தோன்றுகிறது. (என் மாதிரி ஆளிடம் கேள்வியே கொடுக்கக் கூடாது. குழந்தை தும்மினால் அது ஜலதோஷமா, மிளகாய் நெடியா என்று நான் தீர்மானிப்பதற்குள் குழந்தை விளையாடி முடித்துவிட்டு வந்து சோறு கேட்கும்.)

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எனக்குப் பயங்கரக் கதைகள் பிடிக்கும். என் வீட்டுக்காரர் ஓசூரில் சயன்ஸ் வாத்தியார். விஞ்ஞானப் பகுதிக்காக அவர் ஒரு வாரப் பத்திரிகை வாங்கினார். அவர் அதைப் படித்து முடித்ததும் நான் எடுத்து நேராகப் பின்பக்கம் போய்விடுவேன். மர்மத் தொடர், ஆவிக் கதை, கிரகம் விட்டுக் கிரகம் போகிற கதை எல்லாம் அங்கேதான் இருக்கும்.

பிடிக்கும் என்பதற்காகக் குறை சொல்லாமல் இருக்க முடியுமா? பாழடைந்த பங்களாவைப் பற்றி எழுதுகிறவர்களில் ஒருவர்கூட வீடு பெருக்கினதில்லை என்பது முதல் பாராவிலேயே தெரிந்துவிடுகிறது. நூறு வருஷம் பூட்டிக் கிடந்த பங்களாவுக்குள் கதாநாயகி வெள்ளைப் புடவையோடு நுழைகிறாள். எட்டுப் பக்கம் ஓடுகிறாள். வெளியே வரும்போதும் புடவை வெள்ளையாகவே இருக்கிறது! ஒருவர் சந்திர மண்டலத்துக்கு ஒரு குடும்பத்தையே அனுப்பி வைத்தார், கைக்குழந்தை உட்பட. ராக்கெட்டுக்கு எவ்வளவு எரிபொருள் என்று ஒன்றரைப் பக்கம் எழுதத் தெரிந்தது அவருக்கு. குழந்தைக்குப் பால் எங்கே என்று ஒரு வரி இல்லை. அன்றைக்கெல்லாம் எனக்கு வேலையே ஓடவில்லை. இன்னொரு கதையில் ஒருவன் ஏதோ மருந்து குடித்துக் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறான். ஊரையே ஆட்டி வைக்கிறான். சரி, அவன் பெண்டாட்டி என்ன செய்வாள்? சாப்பிட வந்துவிட்டானா இல்லையா என்று தெரியாமல் எவ்வளவு நேரம்தான் இலையைப் போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்? அதைப் பற்றி ஆசிரியருக்குக் கவலையே இல்லை.

இந்த அபிப்பிராயங்களை மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தால் ஒரு தொந்தரவும் வந்திருக்காது. வாய்விட்டுப் படித்ததுதான் வினையாகிவிட்டது.

ஓசூர் மைசூரோடு போகுமா, சென்னையோடு நிற்குமா என்று ஆண்கள் கடைவீதியில் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் தெருவில் அந்தச் சண்டையே கிடையாது. பக்கத்து வீட்டுக் கௌரம்மாவுக்குக் கன்னடம். எதிர் வீட்டு வெங்கடம்மாவுக்குத் தெலுங்கு. நடுவில் நான் தமிழ். மூன்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிளறிப் பேசிக்கொள்வோம். ஆனால் தமிழ் எழுத்து தெரிந்தவள் நான் ஒருத்திதான். எனவே பத்திரிகை வரும் கிழமையில் மத்தியானம் எல்லோரும் எங்கள் கூடத்துக்கு வந்துவிடுவார்கள். நான் ஒரு வாக்கியம் படித்து, அதைத் தெரு பாஷையில் சொல்லுவேன்.

"அவனது நெஞ்சக் கோட்டையிலே அச்சம் எனும் அரவம் படமெடுத்து ஆடியது" என்று அச்சில் இருக்கும். "அவனுக்குப் பயமாயிடுச்சு" என்பேன்.

"அம்மாடி, அத்தனை நீளத்துக்கு இவ்ளோதானா?" என்று வெங்கடம்மா பத்திரிகையை எட்டிப் பார்ப்பாள். எழுத்து தெரியாவிட்டாலும் நீளம் தெரியுமே! அவளுக்குப் பிறந்த ஊர் வேப்பனப்பள்ளி. அப்பா வீட்டில் மாந்தோப்பு உண்டு. எதையும் எடை போட்டுப் பார்க்கிற கண் அவளுக்கு.

அந்தச் சமயத்தில்தான் "அமாவாசை யந்திரம்" என்ற தொடர் ஆரம்பித்தது. மலை மேல் ஒரு பங்களா. அதில் ஒரு டாக்டர். அவர் மனைவி ரத்னமாலா. நிலவறையில் ஒரு யந்திரம். அது அமாவாசையன்று மட்டும் ஓடும். மனிதர்களின் உயிரை இழுத்துக் கண்ணாடி ஜாடியில் அடைத்துவிடும். முதல் மூன்று வாரம் யந்திரம் பக்கமே கதை போகவில்லை. ரத்னமாலா பூப்பறித்தாள், பாடினாள், மான்குட்டியைக் கொஞ்சினாள். கௌரம்மாவுக்கு அவளை அப்படியே பிடித்துப்போய்விட்டது.

கௌரம்மாவுக்கு அப்போது நாலாம் மாதம். முன்பு இரண்டு முறை தங்காமல் போயிருந்தது. தாய் சின்ன வயதிலேயே போய்விட்டதால் பிரசவம் இங்கே, மாமியார் வீட்டில்தான். ஒரு நாள் மாமியார் புட்டம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். (வாத்தியார் பெண்டாட்டி என்பதால் தெருவுக்கு நான் "மேஷ்ட்ரம்மா".)

"மேஷ்ட்ரம்மா, மருத்துவச்சி இவளைக் காலை நீட்டி உக்காரச் சொல்லியிருக்காள். இவ எங்க உக்கார்றா? உன் கதை நடக்கறப்ப மட்டும்தான் உக்கார்றா. கதை நின்னா கொடத்த எடுத்துக்கினு கெணத்துக்குப் போயிடுவா. அதனால கதைய நிறுத்தாதே. ஆனா சாவு, ரத்தம், பேய், ஒண்ணும் அவ காதுல விழக் கூடாது. பயந்துபோய் அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா…"

வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. சாவும் ரத்தமும் பேயும் இல்லாமல் "அமாவாசை யந்திரம்" படிப்பதா? புளியும் உப்பும் மிளகாயும் இல்லாமல் ரசம் வைக்கச் சொன்ன மாதிரி இருந்தது. இருந்தாலும் தலையை ஆட்டிவிட்டேன். (தலையை ஆட்டச் சொன்னால் எனக்கு மட்டும் இரண்டாம் யோசனையே வராது.)

நாலாவது வாரம். என் பையன் சேகருக்குப் பல் முளைக்கிற ஜுரம். பத்திரிகையை முன்கூட்டிப் பார்த்துவைக்க நேரமில்லை. கௌரம்மா சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டாள். வெங்கடம்மா அரிசியில் கல் பொறுக்கினாள். நான் படித்துக்கொண்டே போனேன். டாக்டர் மனைவியை நிலவறைக்கு அழைத்துப் போனார். நாற்காலியில் உட்காரச் சொன்னார். அடுத்த வரி: "ரத்னமாலாவின் உயிர் நீலப் புகையாக எழுந்து ஜாடிக்குள் அடங்கியது. அவள் இறந்துவிட்டாள்."

என் வாய் நின்றது.

"ஆமேலே?" என்றாள் கௌரம்மா. அவள் பாஷையில் "அப்புறம்?" என்று அர்த்தம்.

"ரத்னமாலா…"

"ரத்னமாலாவுக்கு என்னாக்கா?"

அன்று காலையில்தான் கிருஷ்ணகிரியிலிருந்து என் அம்மாவின் கடிதம் வந்திருந்தது, எப்போது வருகிறாய் என்று. அந்தக் கடிதம் ஜன்னல் மேல் இருந்தது. என் கண்ணில் பட்டது.

"அம்மா வீட்டுக்குப் போயிட்டா" என்றேன்.

கௌரம்மாவின் முகம் மலர்ந்தது. "அய்யோ, நல்லதாப் போச்சு! அந்த மலையில தனியா எவ்ளோ நாளுதான் இருப்பா?"

தப்பித்தேன் என்று நினைத்தேன். அதற்குள் வெங்கடம்மா படத்தைப் பார்த்துவிட்டாள். பக்கத்தில் பாதியை அடைத்துக்கொண்டு நிலவறையின் படம்: வரிசையாகக் கண்ணாடி ஜாடிகள், ஒரு பெரிய யந்திரம்.

"இதெல்லாம் என்னா ஜாடி?"

"ஊறுகா ஜாடி."

"ஒரு டாக்டருக்கு இத்தனை ஊறுகாயா?"

"அவரு… ஊறுகா வியாபாரமும் பண்றாரு. அது மிளகாப்பொடி அரைக்கிற மிஷினு."

வெங்கடம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்தாள். "எண்ணெய் காயைத் தாண்டி மேல நிக்கணும். இவரு அரை ஜாடிகூட ஊத்தல. பூஞ்சை பிடிச்சிடும்" என்று தீர்ப்புச் சொன்னாள். அதில் அடைபட்டிருந்தவை பதினாறு உயிர்கள்.

அன்றிலிருந்து அச்சில் ஒரு கதை, எங்கள் கூடத்தில் வேறு கதை. பத்திரிகையில் ஆட்கள் வாரத்துக்கு ஒருவராகச் செத்துக்கொண்டிருந்தார்கள். என் கதையில் டாக்டரின் ஊறுகாய் வியாபாரம் ஓஹோ என்று நடந்தது. கௌரம்மாவுக்கு அதிலெல்லாம் அக்கறையில்லை. பத்திரிகையை நான் விரித்ததும் முதல் கேள்வி, "ரத்னமாலாவுக்கு அவங்கம்மா இன்னிக்கு என்னா செஞ்சு போட்டாங்க?"

சொல்லுவேன். ஒப்பட்டு (அதாவது போளி), சுரைக்காய்ப் பொரியல், கையில் உருட்டிப் போட்ட களி, வாய்க்கு ருசியாகப் புளிச்சைக்கீரை. தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டது, பின்னிவிட்டது, மடியில் படுக்க வைத்துக்கொண்டது. அதெல்லாம் பத்திரிகையில் எங்கே இருக்கிறது? நான் பாட்டுக்குப் பிணம் விழுந்த பக்கத்தில் கண்ணை வைத்துக்கொண்டு என் அம்மா செய்கிறதையெல்லாம் வரிசையாகப் படித்தேன். கௌரம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். அந்த வாரங்களில் ஒழுங்காகச் சாப்பிட்டாள், ஒழுங்காக உட்கார்ந்தாள். மருத்துவச்சி என்னையே பாராட்டினாள்.

ஒரே ஒரு சிக்கல். ரத்னமாலாவின் தாய்வீடு எங்கே என்று கேட்டார்கள். மாந்தோப்பு நினைவில் இருந்ததால் "வேப்பனப்பள்ளிப் பக்கம்" என்று சொல்லித் தொலைத்தேன்.

வெங்கடம்மாவின் முறம் நின்றுவிட்டது. "எங்க ஊரா? யாரு வீடு? எந்தத் தோப்பு?"

"இல்ல இல்ல, தப்பாப் படிச்சிட்டேன். நாட்றாம்பாளையம்."

அஞ்செட்டிக்கு அந்தாண்டை, மலையும் காடுமான ஊர். எங்கள் தெருவில் யாரும் போனதில்லை. ரத்னமாலாவை அங்கே குடியேற்றிவிட்டு நிம்மதியாக மூச்சுவிட்டேன்.

மூச்சு ஒன்பதாவது வாரம்வரை வந்தது. ஒன்பதாவது வாரம் ரத்னமாலாவின் பிணம் நிலவறையிலிருந்து எழுந்து நடந்தது. எழுந்தது மட்டுமா? டாக்டருக்குப் பின்னாலிருந்து அவர் கழுத்தில் இரண்டு கையையும் வைத்துவிட்டது. முழுப்பக்கப் படம்! பத்திரிகையை மறைக்கலாம் என்று பார்த்தேன். அதற்குள் நாலு தலை குனிந்துவிட்டது. (புட்டம்மாவும் அதற்குள் சபையில் சேர்ந்திருந்தாள். காவலுக்கு வந்தவள் கதைக்கு உட்கார்ந்துவிட்டாள்.)

"யாரு இது? ரத்னமாலா மாதிரியே இருக்குது" என்றாள் புட்டம்மா.

"அவ இல்ல. அவ தங்கச்சி."

"இங்க எப்ப வந்தா?"

"இப்பத்தான்."

"அவரு கழுத்தைப் பிடிச்சுக்கினு என்னா பண்றா?"

கழுத்தில் கை வைத்துக்கொண்டு வேறு என்ன பண்ண முடியும்? நான் ரொம்ப யோசித்தேன். யோசிக்காமலிருந்திருக்கலாம்.

"எண்ணெய் தேய்ச்சு விடறா" என்றேன்.

புட்டம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பெண்டாட்டி அம்மா வீட்ல இருக்கறப்ப," என்று வெங்கடம்மா ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள், "மச்சினிச்சி வந்து, மாமனுக்கு, எண்ணெய் தேய்ச்சு விடறாளா?"

அன்றிலிருந்து எங்கள் தெருவில் அடுப்பு எரிந்ததோ இல்லையோ, இந்த விஷயம் எரிந்தது. சாவைவிட, ரத்தத்தைவிட, பேயைவிடப் பெரிய ஒன்றை நான் கூடத்துக்குள் கொண்டுவந்து விட்டிருந்தேன். தண்ணீர் எடுக்கிற இடத்தில் அதே பேச்சு. "பாவம், அவ ஒப்பட்டு தின்னுக்கினு இருக்கா. இங்க என்னா நடக்குதுன்னு ஒருத்தரும் சொல்லலியா?" பதினோராம் வாரத்தில் கௌரம்மா ராகிக் களியைத் தொடாமல் தள்ளி வைத்துவிட்டு அழுதாள்.

"அவ எதுக்கு அம்மா வீட்லயே இருக்கா? யாராச்சும் போய்க் கூட்டிக்கினு வரக் கூடாதா? அக்கா, நீங்களாச்சும் எழுதிப் போடுங்க அக்கா!"

புட்டம்மா என்னைப் பார்த்தாள். "பேய் வேணாம்னு சொன்னேன், மேஷ்ட்ரம்மா. நீ அதுக்கும் மேல ஒண்ணக் கொண்டாந்துட்டே. இவ ரெண்டு நாளாச் சாப்பிடல. இதுக்கு நீதான் பதில் சொல்லணும்."

ரத்னமாலாவைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். நானும் பார்த்தேன். ஆனால் ஒவ்வொரு வாரமும் படத்தில் அந்தப் பாழும் பிணம் நகமும் விரிந்த தலையுமாக நின்றது. அதைத் தங்கை என்று சொல்லியாயிற்று. தங்கை பங்களாவில் கோலோச்சிக்கொண்டிருக்கும்போது அக்காவை எப்படி உள்ளே விடுவேன்? நாலாவது வாரமே நேராக "செத்துட்டா" என்று சொல்லியிருந்தால் ஒரு பாட்டம் அழுது முடித்திருப்பார்கள் என்று ஒரு சமயம் தோன்றும். கௌரம்மா கண்ணை மூடிக்கொண்டு ஒப்பட்டுக் கதை கேட்டது ஞாபகம் வரும். அப்போது தோன்றாது.

இந்த நிலைமையில்தான் என் வீட்டுக்காரர் ஒரு மத்தியானம் சிரித்துக்கொண்டே வந்தார். அவர் ஊர் வாசகசாலைக்குக் காரியதரிசி. ஆண்டு விழாவுக்கு ஒரு பிரபல எழுத்தாளர் சென்னையிலிருந்து வர ஒப்புக்கொண்டிருக்கிறாராம். யார் தெரியுமா? "அமாவாசை யந்திரம்" எழுதுகிறவரேதான்! (பெயரைச் சொல்ல மாட்டேன். புனைபெயரில் ஒரு மிருகமும் ஒரு கிழமையும் வரும்.)

"மத்தியானச் சாப்பாடு நம்ம வீட்டில்தான்" என்றார். "தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்."

எனக்கு அப்போது கையில் இருந்த கரண்டி நினைவில்லை. அது எங்கே விழுந்தது என்பது மட்டும் நினைவிருக்கிறது. காலில்.

விருந்தாளி வந்தார். பதினாறு உயிரை ஜாடியில் அடைத்த மனிதர் எப்படி இருப்பாரோ என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். குட்டையாக, மஃப்ளர் சுற்றிக்கொண்டு, இருமிக்கொண்டு ஒருவர் இறங்கினார். சுவரில் பல்லியைக் கண்டதும் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார். "எனக்குக் காரம் ஒத்துக்காதும்மா. ரசம் இருந்தால் தெளிவாக எடுத்துப் போடுங்கள்" என்றார். சேகர் மடியில் ஏறி அவர் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கியபோதுகூடக் கோபிக்கவில்லை. எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

இலை போட்டேன். அவரும் என் வீட்டுக்காரரும் உட்கார்ந்தார்கள். சோற்றில் கை வைக்கப்போகிற சமயம், வாசலில் வளையல் சத்தம். முன்னால் வெங்கடம்மா, இடுப்பில் ஒரு பெரிய ஊறுகாய் ஜாடியோடு. அவள் பின்னால் புட்டம்மா. அவள் பின்னால், வயிற்றைத் தாங்கிக்கொண்டு, ஏழு மாதக் கௌரம்மா. ஒருவர் பாக்கியில்லாமல் தெரு முழுக்க.

வெங்கடம்மா ஜாடியை அவர் இலைக்கு முன்னால் வைத்தாள். "எண்ணெய் எவ்ளோ நிக்குது பாருங்க. இப்படி நிக்கணும். உங்க ஜாடியில பத்தல."

எழுத்தாளர் என்னைப் பார்த்தார். "என்ன சொல்கிறார்கள்?"

"உங்கள் கதையை ரொம்ப ரசித்ததாகச் சொல்கிறார்கள்" என்றேன்.

"அந்த மச்சினிச்சி எப்பப் போறா?" என்றாள் புட்டம்மா.

"அடுத்த தொடர் எப்போது என்று கேட்கிறார்கள்" என்றேன்.

என் வீட்டுக்காரர் என்னையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு மூன்று பாஷையும் தெரியும் என்பதை அந்த அவசரத்தில் மறந்துவிட்டேன்.

கௌரம்மா எல்லோரையும் விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். நேராகத் தமிழிலேயே கேட்டாள். "சார், ரத்னமாலாவை எப்ப சார் கூட்டிக்கினு வருவீங்க?"

"ரத்னமாலாவா?" என்று அவர் அன்பாகச் சிரித்தார். "அவளைத்தான் நாலாவது வாரமே கொன்றுவிட்டேனே அம்மா."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். புட்டம்மா முடிக்காமல் விட்ட வாக்கியம் இப்போது முடியப்போகிறது என்று நினைத்தேன். சேகரைத் தூக்கிக்கொண்டு சமையலறைக் கதவின் பின்னால் போய் நின்றுகொண்டேன். (கதவு எனக்குப் பாதிதான் இருந்தது. மீதிப் பாதி நான் வெளியே தெரிந்தேன்.)

ஆனால் கேட்டது அழுகை இல்லை.

"நீங்க யாரு சார் கொல்றதுக்கு?" கௌரம்மாவின் குரல். "அவ நாட்றாம்பாளையத்துல இருக்கா. போன வாரம்கூட ஒப்பட்டு சாப்பிட்டா. அவங்கம்மா தலை வாரிவிட்டாங்க. மேஷ்ட்ரம்மா படிச்சாங்க, நான் கேட்டேன். நீங்க செத்துட்டான்னு சொல்றீங்க!"

"நான்தானே அம்மா எழுதினேன்…"

"எழுதினா? எழுதினவருக்கு மறந்துபோகும். படிச்சவங்களுக்கு மறக்குமா?" என்றாள் வெங்கடம்மா.

"மறதி இல்ல," என்றாள் புட்டம்மா, குரலைத் தாழ்த்தி. "அந்தத் தங்கச்சி பக்கம் பேசறாரு."

தெருவே தலையாட்டியது. கட்டினவளைக் கூப்பிடப் போகச் சோம்பல்பட்டு, செத்துவிட்டாள் என்று கதை கட்டுகிற ஆண்பிள்ளைகளை அவர்கள் நிறையப் பார்த்திருந்தார்கள் போலிருக்கிறது. ஒரு பஞ்சாயத்தே கூடிவிட்டது. வெங்கடம்மா இலைக்குப் பக்கத்திலிருந்த ரசப் பாத்திரத்தை எடுத்துத் தன் பின்னால் வைத்துக்கொண்டாள். "கூட்டிக்கினு வர்றேன்னு சொல்லுங்க. அப்புறம் சாப்பிடலாம்."

எழுத்தாளர் வெறும் சோற்றின் முன்னால் உட்கார்ந்திருந்தார். "அம்மா," என்று என்னைக் கூப்பிட்டார். "நீங்கள் இவர்களுக்கு என்னதான் படித்துச் சொன்னீர்கள்?"

கதவை விட்டு வந்தேன். மூச்சு விடாமல் சொன்னேன். கர்ப்பம், ஊறுகாய், எண்ணெய், தங்கை, எல்லாம். யாருக்கும் புரியக் கூடாதென்று மேடைத் தமிழில் சொன்னேன். சொல்லி முடித்ததும் அவர் என்னைத் திட்டுவார், என் வீட்டுக்காரர் வாசகசாலையை விட்டுவிடுவார், நான் கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஏறிவிடுவேன் என்று வரிசையாக நினைத்துக்கொண்டேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். பிறகு, "தங்கை என்றா சொன்னீர்கள்?" என்று கேட்டார். இடது கையால் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். "டாக்டரைப் போன வாரமே கொன்றுவிட்டேன். இன்னும் பத்து வாரம் எழுத வேண்டும். ஆளே பாக்கி இல்லை. நாலாவது வாரம் நாற்காலியில் உட்கார்ந்தது தங்கையாக இருந்தால்…" என்று முணுமுணுத்துக்கொண்டே எழுதிக்கொண்டார்.

கௌரம்மா அசையவில்லை. "சத்தியம் பண்ணுங்க சார்."

"கூட்டி வருகிறேன் அம்மா. சத்தியமாக."

"வெறுங்கையோட வரக் கூடாது. அவங்கம்மா ஏதாச்சும் கொடுத்தனுப்பணும்."

"என்ன கொடுத்தனுப்பட்டும்?"

கௌரம்மா கொஞ்சம் யோசித்தாள். "அது அவங்கம்மாவுக்குத் தெரியும்" என்றாள். அந்த ஒரு பதிலில் மட்டும் அவள் குரல் கொஞ்சம் கீழே போயிற்று. அவர் அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டு, நோட்டில் அதையும் எழுதிக்கொண்டார். ரசம் திரும்பி வந்தது. கௌரம்மா அன்று எங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டாள்.

மனிதர் சொன்ன சொல் தவறவில்லை. பதினெட்டாவது வாரம் முழுப்பக்கப் படம். மலைப் பங்களா வாசலில் மாட்டு வண்டி. அதிலிருந்து இறங்குகிறாள் ரத்னமாலா. மடி நிறையப் பூ, கையில் பலகாரக் கூடை, வண்டியில் எண்ணெய் ததும்ப ஒரு ஊறுகாய் ஜாடி. நாலாவது வாரத்துக்குப் பிறகு அந்த ஒரு வாரம்தான் நான் அச்சில் இருந்ததை அப்படியே படித்தேன். தெருவே கைதட்டியது. இருபத்திரண்டாவது வாரம் கௌரம்மாவுக்கு சுகப்பிரசவம். பெண் குழந்தை. பெயர் என்ன வைத்தார்கள் என்று சொல்லவும் வேண்டுமா?

நாசமானது நாங்கள்தான். நாலாவது வாரம் செத்தவள் பதினெட்டாவது வாரம் ஊறுகாயோடு எப்படி வந்தாள் என்று மற்ற ஊர் வாசகர்கள் பொங்கி எழுந்தார்கள். பதிலாகப் பத்திரிகை ஆசிரியர் ஒரு குறிப்புப் போட்டார்: "கதையில் இந்தத் திருப்பம், ஓசூர் வாசகசாலைக் காரியதரிசியின் இல்லத்தில் கிடைத்த ஆலோசனை." இதற்கு ஒரு மாதம் முன்புதான் என் வீட்டுக்காரர் ஆண்டு விழா மேடையில், "அமாவாசை யந்திர"த்தில் விஞ்ஞானத்துக்குப் புறம்பாக ஒரு வரிகூட இல்லை என்று முக்கால் மணி நேரம் பேசியிருந்தார். ஹெட்மாஸ்டர் அவரைக் கூப்பிட்டு, "ஏன் சார், இது எந்த விதிப்படி?" என்று கேட்டாராம். வகுப்பில் ஆஜர் எடுக்கும்போது எவனாவது வராவிட்டால், பின் பெஞ்சிலிருந்து, "அம்மா வீட்டுக்குப் போயிருக்கான் சார்!"

என்னை அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஒரு நாளோடு போயிருக்கும். ஆனால் அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எதுவும் உடைவதில்லை, தொலைவதில்லை, கெடுவதில்லை. எல்லாம் அம்மா வீட்டுக்குப் போகின்றன. பால் பொங்கி வழிந்தால், "பால் அம்மா வீட்டுக்குக் கிளம்பிடுச்சு" என்பார். அலாரக் கடிகாரம் மூன்று வருஷமாக அம்மா வீட்டில் இருக்கிறது. போன மாதம் சேகர் தன் கிளி செத்துப்போனதைப் பார்த்துவிட்டு, அழாமல் என்னிடம் வந்து, "நாட்றாம்பாளையமா அம்மா?" என்று கேட்டான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கௌரம்மாவின் பெண் ரத்னமாலாவுக்கு ஆறு வயது முடிந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள், கெட்டிக்காரி. தன் பெயரில் ஒரு கதை இருக்கிறது என்று அவள் அம்மா சொல்லியிருக்கிறாள். என் வீட்டுக்காரர் அந்தத் தொடரை வாரா வாரம் கிழித்துச் சேர்த்துக் காலிகோ அட்டை போட்டு பைண்டு செய்து அலமாரியில் வைத்திருக்கிறார். தினமும் சாயங்காலம் வந்து அதை எடுத்துக்கொண்டு உட்காருகிறாள். முதல் வாரம் முடித்தாள். இரண்டாம் வாரம் முடித்தாள். மான்குட்டி வந்ததற்குக் குதித்தாள்.

நேற்று மூன்றாம் வாரம் முடித்தாள்.

முந்தாநாளே நான் பிளேடை எடுத்து, நாலாவது வாரத்துப் பக்கங்களை மட்டும் தையல் குலையாமல் வெட்டி எடுத்து, அரிசிப் பானையில் போட்டுவிட்டேன். (ஒன்பதாவது வாரத்தை என்ன செய்வது என்று இன்னும் யோசிக்கவில்லை. யோசிக்காமல் இருந்தால் தேவலை.)

"அத்தே, மூணுக்கு அப்புறம் அஞ்சு இருக்குது. நாலாவது வாரம் எங்கே?" என்று கேட்டாள்.

எனக்கு வேறு ஒன்றும் வாயில் வரவில்லை.

"நாலாவது வாரம் அம்மா வீட்டுக்குப் போயிருக்கு" என்றேன்.

அவள் ஆச்சரியப்படவில்லை. புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, "எப்போ வரும்?" என்று மட்டும் கேட்டாள். இன்றைக்குச் சாயங்காலமும் வந்து அதையேதான் கேட்கப்போகிறாள்.

இதைப் படிக்கிற தாய்மார்கள், வீட்டில் ஆறு வயதுப் பெண்ணை வைத்திருக்கிறவர்கள், தயவுசெய்து ஒரு கார்டு எழுதிப் போடுங்கள். எடுத்துக் கொடுத்துவிடட்டுமா? இல்லை, இன்னும் கொஞ்ச நாள் அங்கேயே இருக்கட்டுமா? சீக்கிரம் எழுதுங்கள். பானையில் அரிசி குறைந்துகொண்டே வருகிறது.